கீழ் டிவிஷன் கோல்கீப்பர் கோச்சாக மாறும்போது: முதலில் எதில் கை வைப்பது?

நிலைக்கம்பம்:

வணக்கம். கால்பந்தில் பத்துப் பன்னிரண்டு சீசன் கீழ் டிவிஷனிலேயே ஆடிய கோல்கீப்பர் ஒருவர், வயது 33. ஆடிக்கொண்டே கோல்கீப்பிங் கோச் வேலையையும் பார்க்கச் சொல்லி கிளப் கேட்கிறது. வாரத்துக்கு இரண்டே மாலைப் பயிற்சி, ஒவ்வொன்றும் 90 நிமிஷம். கீப்பர்களைத் தனியாக விடுவது முதல் 25 நிமிஷம் மட்டும்தான், அதன்பிறகு அணியோடு சேர்ந்துவிட வேண்டும். பந்து பத்து தேறும். மேனிக்வின் (ஆள் உயரப் பொம்மை), ரீபவுண்ட் வலை (பந்தைத் திருப்பி அனுப்பும் வலை) எதுவும் கிடையாது. இவரைத் தவிர 19 வயசில் ஒரு பையன் இருக்கிறான்.

அந்த 25 நிமிஷத்தில் எதை வைப்பது, எதை விடுவது? பின்னால் தலைமைப் பயிற்சியாளர் ஆகும் எண்ணம் இருந்தால் கோல்கீப்பிங் கோச் வேலை அதற்குப் படியா, முட்டுச்சந்தா? லைசன்ஸ் படிப்பை ஆடும்போதே தொடங்குவது நல்லதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வலைக்காவல்:

பையனின் கையைப் பார்ப்பதற்கு முன்னால் கோச்சின் காலைப் பார்க்க வேண்டும். கோல்கீப்பிங் பயிற்சியின் தரம் பாதிக்குமேல் பந்து கொடுக்கும் தரத்தில்தான் இருக்கிறது. இடது இடுப்பு உயரத்துக்கு ஐந்து பந்து என்று திட்டம் போட்டுவிட்டு, கோச் அடிப்பதில் இரண்டு வெளியே, ஒன்று நேரே நெஞ்சுக்கு என்று போனால் அந்தப் பையன் இரண்டே டைவ்தான் பழகியிருப்பான். கோல்கீப்பராக இருந்தவர்கள் நீளமாக உதைப்பார்கள், ஆனால் 12 மீட்டரிலிருந்து குறி வைத்து அடிப்பது வேறு கலை. கையிலிருந்து விட்டு வாலி (தரையில் படும் முன்பே அடிப்பது), அரை வாலி (தரையில் பட்டு எழும் நொடியில் அடிப்பது), தரையோடு போகும் உள்பாத அடி, மூன்றையும் இரண்டு காலாலும் பழகணும். போஸ்டிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே ஒரு கோன் வைத்து, பத்தில் ஏழு பந்து அந்த இடைவெளிக்குள் போகும்வரை தனியாக அடித்துப் பாருங்கள். அதுவரை பந்தைக் கையால் எறிந்து கொடுப்பதில் ஒரு குறையும் இல்லை, எறிந்தால் குறி தப்பாது.

அடுத்தது "செட்". 25 நிமிஷத்தில் ஒரே ஒரு விஷயம்தான் சொல்லித்தர முடியும் என்றால் இதைத்தான் எடுப்பேன். எதிராளியின் கால் பந்தைத் தொடும் நொடியில் கீப்பர் நின்றிருக்க வேண்டும்: பாதம் தோள் அகலத்தில், எடை முன்பாதத்தில், கை இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவே உடம்புக்கு முன்னால். அடிக்கும் நேரத்தில் வரும் சின்னத் துள்ளலில்தான் பலரும் தவறுகிறார்கள். சீக்கிரம் துள்ளினால் தரையில் குதிகால் ஊன்றிப் போய்விடும். பெரிதாகத் துள்ளினால் பந்து வரும்போது காலே தரையில் இருக்காது. இரண்டுமே வெளியிலிருந்து பார்த்தால் "டைவ் லேட்" மாதிரிதான் தெரியும். அதை நம்பி டைவைத் திருத்த உட்கார்ந்தால் ஒரு மாசம் வீண். கோல் வலைக்குப் பின்னால் ஒரு போனை இடுப்பு உயரத்தில் நிறுத்தி ஸ்லோமோஷனில் எடுங்கள். உதைப்பவரின் காலும் கீப்பரின் பாதமும் ஒரே ஃப்ரேமில் வரும், வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

மூன்றாவது, இடம். இதற்கு 34 மீட்டர் கயிறு ஒன்று போதும். ஒரு முனையை இந்தப் போஸ்டின் அடியில், மறுமுனையை அந்தப் போஸ்டின் அடியில் கட்டி, நடுவைப் பந்து இருக்கும் இடத்தில் ஒரு குச்சியால் ஊன்றுங்கள். பெனால்டி பாக்ஸ் கோட்டின் நடு வரைக்கும் அது எட்டும். கோல் அகலம் 7.32 மீட்டர். பந்து 16.5 மீட்டரில் இருக்க, கீப்பர் கோட்டிலிருந்து ஒரு மீட்டர் முன்னால் நின்றால் இரண்டு கயிறுக்கும் நடுவே ஏறக்குறைய 6.9 மீட்டர், பக்கத்துக்கு 3.4. மூன்று மீட்டர் முன்னால் வந்தால் பக்கத்துக்கு 3 மீட்டர்தான். இப்படிக் கேட்டதும் எல்லோரும் "அப்போ இன்னும் முன்னால் வா" என்பார்கள். ஆனால் நேரமும் சுருங்குகிறது. நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் வரும் பந்துக்கு முதல் இடத்தில் 0.62 நொடி கிடைக்கும், இரண்டாவது இடத்தில் 0.54. பார்த்து உடம்பு அசையவே 0.2 நொடி போய்விடும். மெதுவாக அசையும் உயரமான பையன் கொஞ்சம் பின்னால் நிற்கலாம், குட்டையான வேகக்காரன் கொஞ்சம் முன்னால் நிற்கலாம். கோச் தனக்குப் பழக்கமான இடத்தைப் பையன் தலையில் கட்டக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். கயிறுக்குள் அவனை நிறுத்தி, அவன் கை எட்டும் இடத்தை அவனே கண்டுபிடிக்கட்டும்.

எதை விடுவது? டென்னிஸ் பந்து, கலர் விளக்கு, ஏணி, கண்ணைக் கட்டித் திரும்பச் சொல்வது. நேரம் தாராளமாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம். 25 நிமிஷத்தில் இடமில்லை. பத்துப் பந்தை விடாமல் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க அடிப்பதையும் விடுங்கள். ஒரு சுற்றுக்கு ஐந்தாறு பந்து, பிறகு 45 நொடி முதல் ஒரு நிமிஷம் ஓய்வு. ஏழாவது எட்டாவது பந்தில் களைப்பில் விழ ஆரம்பிப்பான், அந்தத் தவறான விழுகைதான் உடம்பில் பதியும்.

மூன்றாம்படி:

மைதான விஷயத்தில் மேலே சொன்னது சரி. நான் வேலைவாழ்க்கைப் பக்கம் வருகிறேன்.

கோல்கீப்பிங் கோச் வேலை முட்டுச்சந்தாக ஆவது திறமைக் குறைவால் இல்லை, கடிகாரத்தால். அணி வார்ம்-அப் செய்து, பாஸிங் டிரில் ஓடும் முதல் அரை மணி நேரம் முழுக்க அவர் மைதானத்தின் மறுகோடியில் இருக்கிறார். தலைமைக் கோச் அன்றைய பயிற்சியின் நோக்கத்தைச் சொல்லும்போது அவர் காதில் விழுவதில்லை. நாலு வருஷம் இப்படியே போனால் கிளப் கண்ணில் அவர் "கீப்பருக்குப் பந்து உதைப்பவர்" மட்டும்தான். உதவிக் கோச் இடம் காலியானால் அவர் பெயர் யாருக்கும் ஞாபகத்தில் வராது.

ஆனால் வழி உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. நைஜல் அட்கின்ஸ் டிரான்மியர், விகன் என்று இங்கிலாந்தின் கீழ் டிவிஷன்களில் ஆடிய கோல்கீப்பர். வேல்ஸில் பாங்கர் சிட்டியில் ஆடிக்கொண்டே மேனேஜராக இருந்தார். பிறகு ஸ்கன்தோர்ப்பில் பிசியோ. 2006-ல் அதே கிளப்பில் மேனேஜர் பொறுப்பு வந்தது, 2007-ல் லீக் ஒன் (இங்கிலாந்தின் மூன்றாம் டிவிஷன்) பட்டம். அதன்பின் சவுத்தாம்ப்டனை 2011, 2012 என்று அடுத்தடுத்து இரண்டு முறை மேலேற்றி பிரீமியர் லீக்குக்குக் கொண்டுபோனார். மைக் வாக்கர் கோல்செஸ்டரில் பத்து வருஷம் கோல் காத்தவர். நார்விச்சில் ரிசர்வ் அணியைப் பயிற்றுவித்துவிட்டு முதல் அணிக்கு வந்து, 1992-93-ல் மூன்றாம் இடம், அடுத்த சீசனில் யூஃபா கோப்பையில் பயர்ன் மியூனிக்கை அவர்கள் மைதானத்திலேயே தோற்கடித்தது. இரண்டு பேருக்கும் பொதுவான விஷயத்தைப் பாருங்கள். இரண்டு பேருமே கோல்கீப்பிங் கோச் என்ற அறைக்குள் அடைபடாமல், முழு அணியும் கையில் புழங்கும் ஒரு வேலையின் வழியாக மேலே வந்தவர்கள். மாறாக, வோலெண்டாமில் கோல் காத்த ஃபிரான்ஸ் ஹூக் கோல்கீப்பிங் கோச்சாகவே இருந்து அயாக்ஸ், பார்சிலோனா, நெதர்லாந்து தேசிய அணி வரை போனார். இரண்டுமே கௌரவமான பாதை. எது வேண்டும் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் செலவும் வருஷமும் மிச்சம்.

தலைமைக் கோச் ஆசை இருந்தால் முதல் சீசனிலேயே ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள்: எதிரணியின் கார்னரையும் ஃப்ரீ-கிக்கையும் தடுக்கும் பயிற்சி. கோல்கீப்பருக்கு இயல்பாகக் கண் பழகிய இடம் அது, மற்ற கோச்சுகளும் மறுக்க மாட்டார்கள். அதில் பத்து ஆட்டக்காரர்களை நிறுத்தி, பேசி, திருத்தி, மேட்சில் விளைவு பார்க்க வேண்டியிருக்கும். தலைமைக் கோச்சின் வேலைக்கு அது சின்ன அளவிலான ஒத்திகை. அடுத்த சீசனில் கோல்-கிக்கிலிருந்து ஆட்டத்தைத் தொடங்குவதைக் கேளுங்கள். அதோடு கிளப்பின் ஏதாவது ஒரு சிறுவர் அணிக்கு முழுப்பொறுப்பு, கீப்பர்களுக்கு மட்டும் இல்லை, பதினொரு பேருக்கும்.

லைசன்ஸில் ஒரு குழி இருக்கிறது. ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பில் சி, பி, ஏ, ப்ரோ என்று கீழிருந்து மேலே போவது ஒரு வரிசை. கோல்கீப்பர் பி, கோல்கீப்பர் ஏ என்பது வேறு வரிசை. ஆசியக் கூட்டமைப்பிலும் கோல்கீப்பிங் தனிப் பாதைதான். கோல்கீப்பர் லைசன்ஸ் எவ்வளவு உயரம் போனாலும் அதைக் காட்டி தலைமைக் கோச் பெஞ்சில் உட்கார முடியாது. பொது வரிசையைத்தான் முதலில் பிடிக்க வேண்டும், கீப்பர் படிப்பு பக்கத்தில் வரட்டும். பணம் கட்டுவதற்கு முன்னால், எந்தப் படிப்புக்கு எது முன்தகுதி என்று உங்கள் சங்கத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எப்போது தொடங்குவது? ஆடும்போதே. இந்தப் படிப்புகளில் வகுப்பறை பாதி, ஓர் அணியோடு நேரடியாகச் செய்து காட்டும் பயிற்சி மீதி. ஆட்டத்தை விட்டபிறகு அந்த அணி எங்கிருந்து வரும்? இப்போது கையிலேயே இருக்கிறது.

ஈரப்பந்து:

உடம்புக் கணக்கை யாரும் சொல்லவில்லை. சனிக்கிழமை மேட்ச், செவ்வாய் வியாழன் பயிற்சி என்று வைத்துக்கொள்கிறேன்.

டைவை எண்ணணும். பந்தை எண்ணினால் போதாது, தரையில் விழுந்ததை எண்ணணும். செவ்வாயில் அணியோடு சேர்ந்தபின் வருவதையும் கூட்டி 40, 50-க்குள். வியாழனில் 15, 20 போதும், அதிலும் முழு நீட்டல் டைவ் நாலைந்துக்கு மேல் வேண்டாம். மேட்ச் முடிந்து 48 மணி நேரத்துக்குள் இறுகிய தரையில் டைவ் வைக்கவே கூடாது. இடுப்பு எலும்பின் பக்கவாட்டில் தோல் சிராய்ப்பு ஆறாமல் இருந்தால், பையன் அந்தப் பக்கம் விழுவதைத் தள்ளிப்போட்டு முழங்கையை ஊன்ற ஆரம்பிப்பான். முழங்கை ஊன்றினால் பந்து நழுவும், தோளும் போகும். "இடது பக்கம் பலவீனம்" என்று கோச் எழுதி வைப்பார், உண்மையில் அது ஒரு காயம்.

ஆடிக்கொண்டே கோச் என்றால் ஆபத்து இவருக்குத்தான் அதிகம். ஒரு மாலையில் 60, 80 பந்து உதைத்துவிட்டு பிறகு கோல் காத்தால் தொடையிடுக்கு தாங்காது. குளிர்ந்த உடம்போடு நேரே வாலி அடிக்கத் தொடங்குவதுதான் கோச்சுகள் செய்யும் பெரிய தவறு. முதல் பத்து நிமிஷம் கையால் கொடுங்கள், இடது காலையும் பங்குபோடுங்கள். அணியில் அன்று லேசான வேலையில் இருக்கும் ஒரு ஆட்டக்காரரைக் கேட்டு வாங்கி உதைக்கச் சொன்னால் இன்னும் நல்லது. கோச் கீப்பருக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ நின்று பாதத்தைப் பார்க்கலாம். உதைத்துக்கொண்டே பாதத்தைப் பார்க்க யாராலும் முடியாது.

மேட்ச் நாள் வார்ம்-அப் 25 நிமிஷம். ஐந்து நிமிஷம் மூட்டுகளும் கால்வேலையும், ஐந்து நிமிஷம் கைப்பிடி, ஐந்து நிமிஷம் தாழ்வான டைவ் பக்கத்துக்கு மூன்று, ஐந்தாறு நிமிஷம் இரண்டு பக்கமும் கிராஸ் (பக்கவாட்டிலிருந்து கோல் முன்னால் தூக்கி அடிக்கும் பந்து), மிச்சம் பாஸும் நீள உதையும். கடைசியில் ஃபார்வர்டுகளை வரிசையில் நிறுத்தி பத்து மீட்டரிலிருந்து மாறிமாறி அடிக்கவிடும் பழக்கம் இருக்கிறதே, அதை ஒழித்துக்கட்டுங்கள். பத்தில் எட்டு கோல். கிக்-ஆஃபுக்குப் பத்து நிமிஷம் முன்னால் கீப்பர் வலையிலிருந்து எட்டுப் பந்தைப் பொறுக்குகிறான். பார்க்கவே வயிறு எரியும். கடைசி மூன்று பந்து அவன் பிடிக்கக்கூடியதாக இருக்கட்டும், பிடித்ததும் அனுப்பிவிடுங்கள்.

கையுறை: போடுவதற்கு முன் உள்ளங்கை லேட்டெக்ஸைத் தண்ணீரில் நனைத்து உதறணும், காய்ந்த லேட்டெக்ஸ் பிடிக்காது, சீக்கிரம் உரிந்தும் போகும். ஆட்டம் முடிந்ததும் வெதுவெதுப்பான நீரில் அலசி நிழலில் காயவிடணும். வெயிலில் போட்டால் மொடமொடத்து வெடித்துவிடும். மேட்சுக்கு ஒரு ஜோடி, பயிற்சிக்குப் பழைய ஜோடி.

நிலைக்கம்பம்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். ஒரே இடத்துக்குப் போட்டிபோடும் பையனுக்கு இவரே கோச் என்பது எப்படிச் சரிப்படும்? மேட்சில் விழுந்த கோலைப் பையனோடு உட்கார்ந்து பேசும்போது எதை எழுதி வைத்துக்கொள்வது?

வலைக்காவல்:

முதலாவதற்கு ஒரே ஒழுங்கு. யார் ஆடுவது என்பதில் இவர் வாய் திறக்கக் கூடாது. அதைத் தலைமைக் கோச் முடிவு செய்கிறார், அவரே இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சொல்கிறார் என்று சீசன் தொடங்கும் முன்பே மூன்று பேரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். பையனைப் பற்றிய குறிப்பு எதுவானாலும் முதலில் பையன் கையில், பிறகுதான் தலைமைக் கோச் கையில். இந்த வரிசை ஒரு தடவை மாறினாலும் அவன் உங்களிடம் சந்தேகம் கேட்பதை நிறுத்திவிடுவான்.

கோல் குறிப்புக்கு ஒரு நோட்டு போதும். ஒவ்வொரு கோலுக்கும் இவ்வளவு: பந்து அடிக்கப்பட்ட இடம், அந்த நொடியில் கீப்பர் நின்ற இடம், நின்றிருந்தானா நகர்ந்துகொண்டிருந்தானா, முதல் அடி எந்தக் காலில் எந்தத் திசையில், கையா காலா எதைத் தேர்ந்தெடுத்தான், தட்டிய பந்து எங்கே போனது. கடைசியாக முக்கியமானது: ஷாட்டுக்கு ஐந்து நொடி முன்னால் ஒரு சத்தம் போட்டிருந்தால் இந்த ஷாட்டே வந்திருக்காதா? கீழ் டிவிஷனில் டிஃபண்டர்கள் அடிக்கடி மாறுவார்கள், அதனால் இந்தக் கேள்விக்கு "ஆம்" நிறைய வரும்.

முதல் அடியைப் பற்றிக் கொஞ்சம். வலப்பக்கம் போக வேண்டியவன் முதலில் இடது காலைச் சற்று வெளியே தள்ளி ஊன்றிவிட்டுப் பிறகு தாவுவான், அல்லது வலது காலைப் பின்பக்கமாக வைப்பான். இரண்டும் தவறு. வலது கால் முன்னும் பக்கமுமாகச் சாய்ந்த திசையில் போக வேண்டும். பின்பக்கம் வைத்தால் கை பந்தை எட்டும்போது பந்து கோட்டுக்கு அருகில் இருக்கும், தட்டினாலும் உள்ளே. உடம்புக்குப் பக்கத்தில் தாழ்வாக வரும் பந்துக்கோ தாவலே தவறு. அந்தப் பக்கக் காலை மடக்கி விலக்கி, உடம்பை அப்படியே சரியவிட வேண்டும்.

நான்கு கோலை வைத்து முடிவுக்கு வராதீர்கள். இருபது சேரட்டும். இருபதில் ஒன்பது "நகர்ந்துகொண்டிருந்தான்" என்று வந்தால் அடுத்த ஆறு வாரத்துக்கு என்ன பயிற்சி என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கோணமானி:

கயிறு விஷயத்தில் ஒரு சின்னத் திருத்தம், ஏனென்றால் பல கோச்சுகள் இங்கேதான் தவறாகச் சொல்லித்தருகிறார்கள். "கோலின் நடுவிலிருந்து பந்துக்கு ஒரு கோடு போட்டு அதன்மேல் நில்" என்பது பந்து நடுவில் இருக்கும்போது மட்டும்தான் சரி. பந்து பக்கவாட்டில் போனால் இரண்டு கயிறுக்கும் சமதூரத்தில் நிற்க வேண்டும், அந்தக் கோடு கோலின் நடுவில் வந்து சேராது. பந்து கோல் கோட்டிலிருந்து 10 மீட்டர், நடுவிலிருந்து 8 மீட்டர் விலகி இருப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள். சமதூரக் கோடு கோல் கோட்டை அருகிலுள்ள போஸ்டிலிருந்து 3 மீட்டரில் வெட்டும். நடுப்புள்ளியோ 3.66 மீட்டரில். அறுபது சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம். அருகுப் போஸ்டில் கோல் வாங்கும் பையனைத் திட்டுவதற்கு முன்னால் அவனுக்கு எந்தக் கோட்டைச் சொல்லிக்கொடுத்தோம் என்று பாருங்கள்.

இன்னொன்று, விதி. 2025-26 சீசனிலிருந்து கீப்பர் கையில் பந்தை எட்டு நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி ஐந்து நொடியை ரெஃபரி கையைத் தூக்கி எண்ணிக் காட்டுவார். பழைய ஆறு நொடி விதியை ரெஃபரிகள் பெரும்பாலும் கண்டுகொள்ளாததால், கீழ் டிவிஷன் கீப்பர்களுக்குப் பந்தைக் கட்டிப்பிடித்துத் தரையில் படுத்து நேரம் கடத்துவது ரத்தத்தில் ஊறிய பழக்கம். கிராஸ் பிடிக்கும் ஒவ்வொரு பயிற்சியையும், பிடித்தபிறகு ஆறு நொடிக்குள் எறிந்தோ உதைத்தோ இரண்டு கோன் வைத்த ஒரு கதவுக்குள் அனுப்புவதோடு முடியுங்கள். தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை, அந்த 25 நிமிஷத்துக்குள்ளேயே அடங்கும்.

மூன்றாம்படி:

கோணமானி சொன்ன நொடிக் கணக்கும் கோன் கதவும் நல்ல யோசனை. அதையே அணியோடு சேர்ந்தபின்னும் தொடரச் சொல்லி தலைமைக் கோச்சிடம் கேளுங்கள்: கீப்பர் பிடித்ததும் ஃபுல்-பேக் இரண்டு பேரும் கோட்டை ஒட்டி விரிய வேண்டும், நடுக்கள ஆட்டக்காரர் ஒருவர் இறங்கி வர வேண்டும், எட்டு நொடிக்குள். அந்த ஐந்து நிமிஷப் பயிற்சியை நடத்துவது கோல்கீப்பிங் கோச்சாக இருக்கட்டும்.